பாசிக்குடா பியரும் லண்டன் சட்டமும்: மிஸ்ஸி அக்காட்ட கேளுங்க

இந்தமுறை கடிதப் பையக் கொட்டினா பாதிக்கு மேல ஒரே கதை. ஆகஸ்ட் லீவுக்கு வெளிநாட்டு ஆக்கள் வந்து போனாப் பிறகு எனக்கு வாற கடிதம் வழமையா காணிப் பிரச்சினை, சீதனம், மருமகள் மதிக்கிறா இல்ல எண்டதுதான், இந்தமுறை பாத்தா பியர். அதால மற்றக் கேள்வியள ஒதுக்கி வச்சிட்டு இதையே எடுக்கிறன். கால்வீக்கம் எண்டு எழுதின வந்தாறுமூலை அம்மா, உங்களுக்கு அடுத்த இதழில கட்டாயம் பதில் வரும், அதுக்கிடையில ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷரப் பாருங்க.

மிஸ்ஸி அக்கா, என்ட அண்ணன் குடும்பம் லண்டனில இருந்து வந்திருந்தாங்க. அண்ணன்ட மகனுக்கு 16, என்ட மகனுக்கு 17. எல்லாரும் வேன் பிடிச்சி பாசிக்குடா போனம். ஹோட்டல்ல பகல் சாப்பாடு சொல்லக்குள்ள அண்ணன் பியரும் சொன்னார். வெயிட்டர் தம்பி சின்னவரப் பாத்து "இவருக்கு ஸ்ப்ரைட்டா சேர்" எண்டு கேட்டார், அதுக்கு அண்ணன் "அங்க 16 எண்டா சாப்பாட்டோட பப்பில குடிக்கலாம், சட்டமே விடுது" எண்டு சிரிச்சிட்டு தன்ட போத்தல்ல இருந்து மகனுக்கு ஊத்தினார். என்ட மகன் என்ட முகத்தப் பாக்கிறான். என்ட வீட்டுக்காரர் ஒண்டும் பேசல்ல, நண்டுக்கால உடைச்சிட்டே இருந்தார். மறுகா என்ட மகனுக்கும் அரைக் கிளாஸ். அண்ணன் எண்டதால நானும் வாயத் திறக்கல்ல. உண்மையாவே அப்பிடி ஒரு சட்டம் இருக்கா? வீட்ட வந்து மகன் "அம்மா, ஒண்டும் ஆகல்லயே" எண்டுறான். என்ன சொல்ல?
(ஒரு தாய், கல்லடி)

தங்கச்சி, அண்ணன் பொய் சொல்லல்ல. ஆனா சட்டத்தில பாதிய மட்டும்தான் பிளேன்ல ஏத்திக் கொண்டு வந்திருக்கார், மற்றப் பாதி ஹீத்ரோவிலயே நிண்டுட்டு.

இங்கிலாந்திலயும் வேல்ஸ்லயும் 2003ஆம் ஆண்டு லைசன்சிங் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. அதில 150ஆம் பிரிவு என்ன சொல்லுதெண்டா, 16, 17 வயசுப் புள்ள பப்பிலயோ ரெஸ்டோரண்டிலயோ பியர், வைன், சைடர் (அப்பிள்ல செய்யிற மதுபானம்) இந்த மூண்டில ஒண்டக் குடிக்கலாம், ஆனா மேசையில இருந்து சாப்பிடுற சாப்பாட்டோட மட்டும், 18 வயசு தாண்டின ஒரு ஆள் கூட இருக்கோணும், வாங்குறதும் புள்ளயா இருக்கக் கூடாது. விஸ்கி, வொட்கா, அதுகளக் கலந்த கொக்டெயில் ஒண்டும் இல்ல. ஒரு பக்கெட் சிப்ஸ கையில வச்சிக்கொண்டு இதுதான் என்ட சாப்பாடு எண்டு சொல்லவும் ஏலாது. ஸ்கொட்லாந்திலயும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஆனா அதே ராச்சியத்தில இருக்கிற வட அயர்லாந்தில பப்பில 18க்குக் கீழ ஒரு சொட்டும் கிடையாது. அதோட, சட்டம் விட்டாலும் பப்காரன் கட்டாயம் குடுக்கோணும் எண்டு இல்ல. தன்ட லைசன்சுக்குப் பயந்து, 18க்குக் கீழ எண்டா சாப்பாட்டோடயும் இல்ல எண்டு சொல்லுற இடம் அங்க கனக்க இருக்கு. 25க்குக் கீழ மாதிரித் தெரிஞ்சா அடையாள அட்டை கேக்கிறதும் அங்க வழமை.

(சாப்பாடு எண்டா என்ன எண்ட சண்டையில ஒரு பகிடியும் நடந்தது. 2020 டிசம்பரில கொரோனாவால சில பகுதியில "கணிசமான சாப்பாடு" இல்லாம பப்பில மதுபானம் குடுக்கக் கூடாதெண்டு அரசாங்கம் சொல்லிட்டு. அப்ப ஒரு அமைச்சர், அவிச்ச முட்டைய இறைச்சியால மூடிப் பொரிச்சி எடுக்கிற ஸ்கொட்ச் எக் ஒண்டும் கணிசமான சாப்பாடா இருக்கலாம் எண்டு சொல்ல, நாடு முழுக்க ஒரே முட்டைக் கதைதான். நம்மட ரோல்ஸ என்னெண்டு கணக்கெடுத்திருப்பாங்களோ தெரியா.)

சரி, இப்ப இங்க, இலங்கைட கதை. 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைய உண்டாக்கின சட்டம். அதுப்படி 21 வயசுக்குக் கீழ உள்ள ஆளுக்கு மதுசாரம் விக்கிறது குற்றம். சாப்பாட்டோட எண்டாச் சரி எண்டோ, டூரிஸ்ட் ஏரியா எண்டாச் சரி எண்டோ விதிவிலக்கு இல்ல, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கும் தனிச் சட்டம் இல்ல. ஸ்ப்ரைட்டா எண்டு கேட்ட அந்த வெயிட்டர் தம்பிதான் அந்த மேசையில சட்டம் தெரிஞ்ச ஒரே ஆள். பிறகு பிரச்சினை வந்தா அவன்ட ஹோட்டலும் அவன்ட வேலையும்தான் மாட்டும், உங்கட அண்ணன் அந்த நேரம் விமானத்தில சினிமா பாத்திட்டு இருப்பார். இத அண்ணனுக்குச் சொன்னா அவர் கோவிக்கமாட்டார், சொல்லிப் பாருங்க.

மகனுக்கு என்ன சொல்ல எண்டு கேட்டீங்க. "ஒண்டும் ஆகல்ல" எண்டு அவன் சொல்லுறது உண்மை, அரைக் கிளாஸ் பியரில ஒண்டும் ஆகாது, அத மறுத்துக் கதைச்சா உங்கட கதைய அவன் பிறகு எதிலயும் நம்பமாட்டான். எனக்குப் படுறது, அந்த மேசையில நடந்த பெரிய விசயம் பியர் இல்ல. 17 வயசுப் புள்ள உங்கட முகத்தப் பாத்தான் எண்டு எழுதியிருக்கீங்க. அவன் கேட்டிருக்கான் தங்கச்சி, வாயால கேக்கல்ல. நீங்களும் பாக்காத மாதிரி, அவரும் நண்டோட. இப்ப அவனக் கூப்பிட்டு, "அண்டைக்கு மாமாட முகத்துக்காக நான் பேசாம இருந்திட்டன், எனக்கு விருப்பமில்ல" எண்டு சொல்லுங்க. தகப்பனும் பக்கத்தில இருக்கட்டும்.

மிஸ், எனக்கு 16 வயசு. இங்கிலாந்தில 16, ஜேர்மனியில 14 எண்டு நெட்டில பாத்தன், இங்க 21. எங்கட ஈரல் மட்டும் வேற சாமானா? 18ல வோட்டுப் போடலாம், லைசன்ஸ் எடுக்கலாம், கலியாணமும் கட்டலாம், ஆனா பியர் ஏலாது எண்டா என்ன லொஜிக்?
(பெயர் போட வேணாம், கல்முனை)

தம்பி, நல்லாக் கேட்டீங்க, இப்பிடிக் கேக்கிற புள்ளைக்கு "பெரியாக்கள் சொன்னாக் கேளு" எண்டு பதில் சொன்னா நான் மிஸ்ஸி இல்ல.

ஈரல் எல்லாருக்கும் ஒண்டுதான். ஜேர்மனியில 14 எண்டதும் தாய் தகப்பன் கூட இருந்தா மட்டும், பியர், வைன் மட்டும். பிரான்சில முந்தி 16 ஆயிருந்ததை 2009ல 18 ஆக்கினாங்க. அமெரிக்காவில 1984ல மத்திய அரசாங்கம், 21க்குக் கீழ குடுக்கிற மாநிலத்துக்கு ரோட்டுக் காசில வெட்டு எண்டு வெருட்டி எல்லாரையும் 21க்குக் கொண்டு வந்தது, காரணம் பொடியன்மார் காரோட கொண்டு போய் மோதிச் செத்ததுதான். அப்ப, இந்த வயசு எல்லை எல்லாம் டொக்டர்மார் ஸ்கேன் பண்ணிக் கண்டுபிடிச்ச நம்பர் இல்ல, ஒவ்வொரு நாடும் தன்ட பழக்கத்துக்கும் பயத்துக்கும் நடுவில போட்ட கோடு. அதில உங்கட லொஜிக் சரி, ஒத்துக்கொள்ளுறன்.

ஆனா மூளைட கணக்கு வேற. யோசிச்சி நிப்பாட்டுற, இது வேணாம் எண்டு பிறேக் பிடிக்கிற முன்பக்க மூளை வளந்து முடிய கிட்டத்தட்ட 25 வயசாகும். அக்சிலேட்டர் 14லயே பூட்டியாச்சு, பிறேக் பிறகுதான் வரும். அதுக்குள்ள, இருக்கிற பிறேக்கையும் வழுக்க வைக்கிற சாமான்தான் அல்ககோல். இங்கிலாந்திலயே 2009ல அவங்கட தலைமை மருத்துவ அதிகாரி, சட்டம் என்ன சொன்னாலும் மதுசாரம் இல்லாத சின்ன வயசுதான் நல்லது, குறைஞ்சது 15 வரைக்கும் தொடவே வேணாம் எண்டு தாய் தகப்பனுக்குச் சொன்னவர். சட்டம் விடுறதும் டொக்டர் விடுறதும் ரெண்டு விசயம்.

இன்னொரு கணக்கும் சொல்லுறன், கல்குலேட்டர எடுங்க. பிரிட்டனில ஒரு யூனிட் எண்டா 10 மில்லி சுத்த அல்ககோல். அங்க அரைப் பைன்ட் (284 மில்லி), 4 சதவீத பியர் எண்டா 1.1 யூனிட் சொச்சம். இங்க 625 மில்லிப் பெரிய போத்தல், 4.8 சதவீதம் எண்டா 3 யூனிட், 8.8 சதவீத ஸ்ட்ரோங் எண்டா 5.5. சாராயம் 33.5 சதவீதத்தில 180 மில்லிக் கால் போத்தல் 6 யூனிட். பெரிய ஆக்களுக்கே ஒரு கிழமைக்கு 14க்கு மேல போகாதீங்க எண்டுதான் அங்க சொல்லுறாங்க. நம்மட பொடியன்மார் நாலு பேர் சேந்து ரெண்டு ஸ்ட்ரோங்கும் ஒரு காலும் வாங்கி வாவிக் கரையில அரை மணித்தியாலத்தில முடிக்கிறதையும், அங்க ஒரு புள்ள ஒண்டரை மணித்தியாலம் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் திண்டுகொண்டு அரைப் பைன்ட உறிஞ்சுறதையும் "16 வயசில குடிக்கிறது" எண்டு ஒரே சொல்லில சொல்ல ஏலாது.

நான் வாட்டில நைட் டியூட்டி செஞ்ச காலம், எந்த ஊர் எந்த ஆஸ்பத்திரி எண்டு கேக்காதீங்க, ஒரு மெட்ச் முடிஞ்ச இரவு உங்கட வயசுப் பொடியன் ஒருத்தனக் கொண்டு வந்தாங்க. முகத்தில பூசின கலர் பாதி அழிஞ்சி, கழுத்தில இன்னும் விசில் தொங்குது. குடிச்சதால வந்த பிரச்சினைய விட, வெறி முறிக்கிறதெண்டு கூட்டாளிமார் மல்லாக்கப் படுக்க வச்சி தேசிக்காய்ப் புளிய வாயில ஊத்தினதால வந்ததுதான் பெரிசு. சத்தியோட எல்லாம் சேந்து நெஞ்சுக்குள்ள போயிட்டு. ஒம்பது நாள் இருந்தான், சுகமாப் போனான். அதால ஆரும் கூட்டாளி அப்பிடிக் கிடந்தா தேசிக்காய், மோர், கோப்பி ஒண்டும் ஊத்தாதீங்க, விரல விட்டுச் சத்தி எடுக்க வைக்காதீங்க, ஒருக்களிச்சிப் படுக்க வைங்க, தனிய விட்டுட்டுப் போகாதீங்க, கூப்பிட எழும்பல்ல எண்டா இல்ல மூச்சு மெதுவா விட்டு விட்டு வருதெண்டா 1990 அம்புலன்சுக்கு அடிங்க. வீட்டில ஏச்சு விழும் எண்டு பயந்து காலமை வரைக்கும் ஒளிச்சி வைக்கிறதுதான் ஆளக் கொல்லும்.

அன்பின் சகோதரி, நான் களுவாஞ்சிகுடி, இப்ப லண்டன் ஈஸ்ட் ஹாமில 22 வருசம். மகளுக்கு 17. ஞாயிற்றுக்கிழமை பப்பில ரோஸ்ட் சாப்பிடக்குள்ள அவவுக்கு அரைப் பைன்ட் சைடர் வாங்கிக் குடுக்கிறன். யூனிவசிட்டிக்குப் போய் ஒரேயடியா விழாம, எங்கட கண்ணுக்கு முன்னால அளவாப் பழகட்டும் எண்டுதான். ஊரில என்ட அம்மா கேள்விப்பட்டு மூண்டு நாள் என்னோட கதைக்கல்ல. நான் செய்யிறது பிழையா?

அண்ணன், உங்கட அம்மாவ எனக்கு இப்பவே பிடிச்சிட்டு.

உங்கட எண்ணம் கெட்டதெண்டு சொல்லமாட்டன். நம்மட ஆக்கள் அங்க போய் இருபது வருசமாகியும் அந்த "பப்" எண்ட சொல்ல "பார்" எண்டுதான் அம்மாமாருக்கு மொழிபெயர்க்கிறாங்க, பிரச்சினை பாதி அங்கதான் தொடங்குது. இங்க பார் எண்டா அம்மாட கண்ணுக்குத் தெரியிறது என்ன? கம்பி வலை, அதுக்குள்ளால காசோட ஒரு கை போகுது, பேப்பர் சுத்தின போத்தலோட திரும்பி வருது. கள்ளுத் தவறணை எண்டா வாங்கு, பிளாஸ்டிக் கோப்பை, அவிச்ச முட்டை, கடலை. பொஞ்சாதி புள்ளயோட ஒருத்தனும் அங்க சோறு தின்னப் போறதில்ல. நம்மட குடிக்குச் சோறு எதிரி, சோறு திண்டா வெறி இறங்கிரும் எண்டு கடிக்க ரெண்டு டெவலோட நிப்பாட்டுற ஆக்கள். அம்மாவுக்கு ஒருக்கா அந்தப் பப் மேசைய வீடியோ கோலில காட்டுங்க, பக்கத்து மேசையில ஆச்சிமாரும் கைக்குழந்தையும் இருக்கிறதையும் சேத்து.

ஆனா "பழக்கினா அளவாக் குடிப்பா" எண்ட இடத்தில எனக்கு உங்களோட ஒத்துப்போக ஏலாம இருக்கு. இத அவுஸ்திரேலியாவில பாத்திருக்காங்க. 1,900க்கு மேல புள்ளயள ஆறு வருசம், 12 வயசு தொடங்கி 18 வரை, பின்தொடந்து போய் 2018ல லான்செட் பப்ளிக் ஹெல்த் சஞ்சிகையில போட்டாங்க. தாய் தகப்பன் ஊத்திக் குடுத்த புள்ளயள் குறைச்சிக் குடிச்சதா ஒரு அத்தாட்சியும் இல்ல. எதிர்மாறா, வீட்டில கிடைச்ச புள்ளதான் பிறகு வெளியிலயும் எடுக்கிற வாய்ப்புக் கூட. அது உங்கட ஞாயிற்றுக்கிழமை சைடரால மட்டும்தான் வந்தது எண்டு ஆராலயும் அடிச்சிச் சொல்ல ஏலாது, குடிக்கிற வீட்டில வேற பழக்கமும் இருக்கும்தானே. ஆனா தடுப்பூசி மாதிரி வேலை செய்யும் எண்டு நீங்க நினைக்கிறீங்க பாருங்க, அதுக்கு ஆதாரம் இல்ல.

சாப்பாட்டோட எண்டதில ஒரு உண்மை இருக்கு. வயிறு நிறைஞ்சிருந்தா அல்ககோல் குடலுக்கு இறங்குறது பிந்தும், ரத்தத்தில ஒரேயடியா ஏறாது. ஆனா உள்ள போனது இல்லாமப் போகாது, ஈரல் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு யூனிட் கணக்கில தன்ட பாட்டுக்குத்தான் எரிக்கும்.

நான் உங்கட இடத்தில இருந்தா? சைடர நிப்பாட்டிட்டு மேசைய வச்சிருப்பன். 17 வயசு மகள் ஒவ்வொரு ஞாயிறும் தகப்பனோட ஒண்டரை மணித்தியாலம் இருந்து கதைக்கிறா எண்டா, அத இங்க எத்தின வீட்டில காட்டுவீங்க? அவ கேட்டே தீருவா எண்டா, சட்டத்துக்குள்ள அந்த ஒரு அரைப் பைன்டோட, வீட்டு ஃப்ரிட்ஜ் வரைக்கும் வராம. அம்மாட்ட மட்டும் பொய் சொல்லாதீங்க, கண்டுபிடிச்சிருவாங்க.

அக்கா, தம்பிக்கு 16, எனக்கு 19. சித்தப்பா கனடாவில இருந்து வந்து தம்பிக்கு பியர் ஊத்திக் குடுத்து "ஆம்பிளப் புள்ளதானே" எண்டார். எனக்குக் குடிக்க விருப்பமே இல்ல. ஆனா நான் கேட்டிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு யோசிச்சன்.
(திருக்கோவில்)

என்ன நடந்திருக்கும் எண்டு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும் புள்ள. இந்த நாட்டில பொம்புளைக்கு மதுபானம் விக்கக் கூடாதெண்டு 1979ல வந்த விதிய 2018 ஜனவரியில நிதியமைச்சர் மங்கள சமரவீர எடுத்துவிட்டார், ஒரு கிழமை போகுறதுக்குள்ள ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திருப்பி வாங்க வச்சார். 16 வயசுப் பொடியனுக்கு விக்கக் கூடாதெண்ட சட்டத்துக்கு அந்தளவு அவசரத்த நான் ஒருநாளும் காணல்ல. உங்கட தம்பிட கல்லீரலுக்கு மீசை முளைக்கல்ல எண்டு சித்தப்பாக்குச் சொல்லுங்க, நான் சொன்னதெண்டே சொல்லுங்க.

என்ட வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் குடிச்சிட்டுத்தான் இராச்சாப்பாட்டுக்கு வாறார். அடிக்கமாட்டார், சத்தம் போடமாட்டார். ஆனா மகன் (15) இப்ப தட்டத் தூக்கிட்டு அறைக்குள்ள போயிர்றான். வெளிநாட்டில குடும்பமா இருந்து குடிக்கிறாங்களாம், அப்ப எங்கட வீட்டில ஏன் இப்பிடி?
(வாழைச்சேனை)

தங்கச்சி, நாலு தரம் வாசிச்சன் உங்கட கடிதத்த. இங்க குடி மேசைக்கு வரல்ல, குடிச்ச ஆள் வாறார், அதுதான் வித்தியாசம். மகன் தட்டத் தூக்கிட்டுப் போறத மரியாதையில்லாத்தனம் எண்டு எடுத்துப் பேசிராதீங்க, அவன் தன்னால ஏலுமான அளவு ஒரு மறுப்புச் சொல்லுறான். அவர் வெறியில்லாத ஒரு காலமை, தேத்தண்ணியோட, மகன் அறைக்குள்ள போறத மட்டும் சொல்லுங்க. குடியப் பத்தி ஒரு சொல்லும் வேணாம், அவரே விளங்குவார். ஒவ்வொரு நாளும் குடிக்கிற ஆள் சடக்கெண்டு நிப்பாட்டினா கை நடுக்கம், வலிப்பு எண்டு வரலாம், அதால "இண்டைக்கே சத்தியம் பண்ணு" எண்டு கோயிலுக்குக் கூட்டிப் போகாம, போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவில கேட்டு மருந்தோட குறைக்கிறதுதான் பாதுகாப்பு. பைத்தியக்கார வாட் எண்டு அவர் முறைப்பார், முறைக்கட்டும். மனநல உதவி இலக்கம் 1926க்கு போன் எடுத்தும் கதைக்கலாம். மகனுக்கு உங்களையும் என்னையும் விட ஒரு மாமாவோ சேரோ தேவைப்படும், பாத்து விடுங்க.

கள்ளு இயற்கைதானே மிஸ்ஸி, அம்மைக்குக் கூட நல்லதெண்டு அம்மம்மா சொல்லுவா. புள்ளயளுக்குக் கொஞ்சம் குடுத்தா என்ன?
(ஒரு வாசகர், மண்டூர்)

சுண்ணாம்பு பூசின முட்டியில இறக்கினா கருப்பணி, குடுங்க, ருசியான சாமான். சுண்ணாம்பில்லாம வெயிலேற விட்டா அதுவே கள்ளு, அதில அல்ககோல் இருக்கு, மரத்தில இருந்து வந்ததெண்டு அது குறையாது. அம்மைக்குத் தண்ணியும் ஓய்வும் டொக்டரும்தான் வேணும். அம்மம்மாட மற்ற வைத்தியம் எல்லாம் எழுதி அனுப்புங்க, அதுல நல்லதும் இருக்கும்.

மிஸ், இஞ்சி பியர்ல பியர் இருக்கா? அம்மா விடுறா இல்ல.
(6ஆம் வகுப்பு, செட்டிபாளையம்)

இல்ல மனே, கடையில விக்கிற இஞ்சி பியர் சோடா, பேரில மட்டும்தான் பியர். ஆனா சீனி அள்ளிப் போட்டிருக்கு, ஒரு கிளாஸோட நிப்பாட்டுங்க. அடுத்தமுறை பெரியாக்கள் கிளாஸ் தூக்கக்குள்ள நீங்களும் அதே மாதிரிக் கிளாஸ்ல ஐஸ் போட்டு வாங்கிக் குடிங்க, அம்மாக்கு இந்தப் பக்கத்தக் காட்டுங்க.